உலக்கை இடியும் தேர் வடமும்

நெல் குத்திய நாட்களை நம் இல்லத்து முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் உரல், அதன் இருபுறமும் இரண்டு பெண்கள், ஆளுக்கோர் உலக்கை. ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளின் உலக்கை எழும். சற்றே தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும், கை அதிரும், நெல் சிதறும். மூன்றாமவள் வந்து சேர்ந்தால் முறை இன்னும் நுட்பமாகிவிடும். யார் முதலில், யார் அடுத்து, இடையே எவ்வளவு பொழுது என்பதே அங்கு முழுக் கலையும்.

அதே ஊரில் தேர்த் திருவிழாவையும் நாம் கண்டிருக்கிறோம். அங்கே முறை வேறு. வடத்தைப் பிடித்த நூறு பேரும் ஒருவர் பின் ஒருவராக இழுத்தால் தேர் அசையாது. ஒரு குரல் எழ வேண்டும். அனைவரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பின்னர் சற்று ஓய்ந்து மீண்டும் இழுக்க வேண்டும்.

மாறி மாறி இடிப்பது நல்லதா, ஒருமித்து இழுத்து ஓய்வது நல்லதா? இந்த எளிய கேள்வி, பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு எஞ்சின் அமைத்த பொறியியலாளர்களை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்டிவைத்தது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். உலகப் பட்டங்கள் மட்டுமன்றி, ஓட்டிய இளைஞர்களின் கை கால்களும் உயிர்களும் அக்கேள்வியைச் சார்ந்திருந்தன. அவ்வரலாற்றை இவ்விதழில் ஒருவாறு காண்போம்.

நம் தெருவில் கேட்ட ஒலி

பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளாக இருந்ததில்லை. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் நம்மைக் கொண்டு சேர்த்த வாகனம் அது. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் நம் நாட்டில் ஓடிய வண்டிகளுள் பல ‘டூ ஸ்ட்ரோக்’ எனப்படும் இருவீச்சு வகையைச் சேர்ந்தவை. மைசூரில் உருவான யெஸ்டி அவ்வகையினது. பின்புறம் இரண்டு புகைக்குழல்கள் நீண்டிருந்தமையால் அதற்கு இரண்டு சிலிண்டர்கள் உண்டென்று எண்ணியவர் பலர். உண்மையில் அதில் சிலிண்டர் ஒன்றே, குழல்தான் இரண்டு.

இரண்டு சிலிண்டர்கள் கொண்ட இருவீச்சு வண்டியொன்றும் நம் தெருக்களுக்கு வந்தது. 1983-ஆம் ஆண்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராஜ்தூத் 350 தான் அது. ஜப்பானிய யமஹா நிறுவனத்தின் ஆர்.டி. 350 என்னும் வண்டியே இந்தியப் பெயர் பூண்டு வந்தது. பெட்ரோலை அளவின்றிக் குடிக்கிறதென்று குடும்பத் தலைவர்கள் அதைக் கண்டு அஞ்சினர்; இளைஞர்களோ ஏக்கத்துடன் திரும்பிப் பார்த்தனர். சிலிண்டரின் விட்டம் 64 மில்லிமீட்டர். பிஸ்டன் சென்று வரும் தூரம் 54 மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து 347 சி.சி. இவ்விரு எண்களையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். உலகப் புகழ் வாய்ந்த ஒரு பந்தய வண்டியைப் பற்றிப் பேசும்போது அவை மீண்டும் வரும்.

ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு

பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் அசைவைச் சுழற்சியாக மாற்றித் தரும் வளைந்த தண்டே கிராங்க் ஷாஃப்ட். மிதிவண்டியின் மிதிகட்டைகளை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஒரு மிதிகட்டை மேலே இருக்கையில் மற்றது கீழே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அரைச் சுற்று, அதாவது 180 பாகை. ராஜ்தூத் 350-இன் இரண்டு பிஸ்டன்களும் இவ்வாறே அமைந்தவை. ஒன்று ஏற மற்றொன்று இறங்கும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு வெடிப்பு நிகழும். இரு பெண்கள் உலக்கை போடும் முறையேதான் இது.

நால்வீச்சு எஞ்சினில் எரிபொருளை உள்ளிழுத்தல், அமுக்குதல், வெடித்தல், புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்களுக்குக் கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். இருவீச்சு எஞ்சினோ ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கிறது. ஆதலால் அதே அளவுள்ள எஞ்சினிலிருந்து மிகுந்த சக்தியைப் பெற இயலும். வால்வுகளும் அவற்றை இயக்கும் கருவிகளும் சிலிண்டர் தலையில் இல்லாமையால் எடையும் குறைவு. பந்தயத்தில் இவ்விரண்டும் பெரும் நலன்கள் அன்றோ?

ஆனால் இருவீச்சு எஞ்சினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நால்வீச்சில் கிராங்க் சுழலும் கீழ் அறை எண்ணெய்க்கு உரிய இடம் மட்டுமே. இருவீச்சிலோ அவ்வறையே காற்றடிக்கும் துருத்தியாக வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே செல்லும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த புதுக் கலவை அவ்வறைக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அது அமுக்கப்பட்டுப் பக்க வழிகளின் மூலம் மேலே சிலிண்டருக்குள் பாய்கிறது.

இதிலிருந்தே எல்லாச் சிக்கல்களும் தொடங்குகின்றன. இரண்டு சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஓர் அறை இருந்தால் என்ன ஆகும்? ஒரு பிஸ்டன் ஏற மற்றது இறங்குவதால் அறையின் கொள்ளளவு மாறவே மாறாது. துருத்தி வேலை செய்யாது. ஆகையால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றுப் புகாத தனி அறை வேண்டும்; அறைக்கும் அறைக்கும் இடையே கிராங்கைச் சுற்றி சீல் வேண்டும். ஒரே குடும்பத்தின் பிள்ளைகளாயினும் தனித்தனி அறை கேட்கும் பிள்ளைகள் இவை. இருவர் இருக்கும் வரையில் வீடு அமைப்பது எளிது. நால்வர் ஆனால் வீடு நீண்டுகொண்டே போகும். நீண்ட கிராங்க் முறுக்கிக்கொள்ளும். அகன்ற எஞ்சின் வளைவுகளில் சாயும்போது தரையில் உரசும்.

சதுரமும் வரிசையும்

இருவீச்சு எஞ்சினின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். ஆலையில் பணியாற்றிய வால்டர் காடன் என்னும் பொறியியலாளர். புகைக்குழலை வயிறு பருத்த வடிவில் அமைத்து, வெளியேறும் புகையின் அழுத்த அலையைக் கொண்டே புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தடுத்து நிறுத்தும் வித்தையை அவர் வளர்த்தார். எரிபொருள் புகும் வழியைக் கிராங்கின் பக்கத்தில் சுழலும் ஒரு மெல்லிய தட்டு வால்வால் திறந்து மூடினார். அவருடைய ஆலைக்காக ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் தம் நாட்டை விட்டு வெளியேறி, ஜப்பானின் சுஸுகி நிறுவனத்தைச் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றார். இருவீச்சு எஞ்சினுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவே. 1964-இலும் 1965-இலும் யமஹாவின் இரட்டைச் சிலிண்டர் வண்டியில் ஃபில் ரீட் 250 சி.சி. பட்டத்தை வென்றார்.

சக்தியைப் பெருக்கச் சிலிண்டர்களைப் பெருக்க வேண்டியதாயிற்று. இங்கே தட்டு வால்வு ஒரு தடையை விதித்தது. தட்டு கிராங்கின் ஓரத்தில்தான் சுழல முடியும். நான்கு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்தால் ஓரத்தில் இருக்கும் இரண்டுக்கு மட்டுமே தட்டு கிடைக்கும். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடமில்லை. இதற்குச் சுஸுகி கண்ட வழி சதுரம். முன்னே இரண்டு, பின்னே இரண்டு என வைத்தால் நான்குக்கும் ஆளுக்கொரு திறந்த பக்கம் கிடைக்கிறது. வீட்டின் நான்கு மூலைகளிலும் நான்கு அறைகள் அமைத்து ஒவ்வொன்றுக்கும் சன்னல் வைப்பதைப் போன்றது இது.

1960களில் சுஸுகி அமைத்த முதல் 250 சி.சி. சதுர எஞ்சின் நல்ல பெயர் பெறவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பின் சக்கரம் நின்றுவிடும் தீமை அதற்கு இருந்தது. ஓட்டியவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘கிசுகிசுக்கும் மரணம்’. ஆயினும் அந்த அமைப்பு கைவிடப்படவில்லை. 1974-இல் ஆர்.ஜி. 500 என்னும் பெயரில் அது மீண்டும் வந்தது. நான்கு சிலிண்டருக்கு நான்கு தனிக் கிராங்குகள். அவை பற்சக்கரங்களால் இணைக்கப்பட்டிருந்தன. எதிரெதிர் மூலையில் உள்ள சிலிண்டர்கள் இரண்டிரண்டாக, அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெடித்தன. ஒரு சிலிண்டர் கெட்டால் அதற்குரிய கிராங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வண்டியில்தான் ஆங்கிலேயரான பாரி ஷீன் 1976-இலும் 1977-இலும் உலகப் பட்டம் வென்றார்.

யமஹா தட்டு வால்வை விடுத்து, நான்கு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. 1973-இல் ஃபின்லாந்து வீரர் யார்னோ சாரினென் அதன் முதல் பந்தயத்திலேயே வென்றார். அடுத்த மாதமே இத்தாலியில் மோன்சா பந்தயத்தில் உயிர் நீத்தார். 1975-இல் ஜியாகோமோ அகோஸ்தினி யமஹாவில் வென்றதே 500 சி.சி. பிரிவில் இருவீச்சின் முதல் பட்டம். அது தொடங்கி 2001 வரை 27 ஆண்டுகள் அப்பட்டம் வேறு எவ்வகை எஞ்சினுக்கும் செல்லவில்லை.

இப்போது அந்த 64, 54 என்னும் எண்களை நினைவு கூர்வோம். 1974-இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் அகோஸ்தினியை வெற்றி பெறச் செய்த யமஹா நான்கு சிலிண்டர் வண்டியின் அளவுகளும் அவையே. அதன் பெயர் 750 என்று முடிந்தாலும் முதல் ஆண்டில் அதன் கொள்ளளவு 694 சி.சி. தான்; அதாவது 347-இன் இரு மடங்கு. இரட்டைச் சிலிண்டருக்கு உரிய இரண்டு குட்டைக் கிராங்குகளை அருகருகே வைத்து, நடுவில் பற்சக்கரத்தால் ஓர் இடைத்தண்டோடு இணைத்திருந்தார்கள். நீண்ட கிராங்க் முறுக்கிக்கொள்ளும் என்னும் இடர் இவ்வாறு நீங்கியது. நம் காலனி வாசலில் நின்ற ராஜ்தூத் 350, அப்பந்தய வண்டியில் பாதியின் நெருங்கிய உறவினர் என்று சொல்வது மிகையாகாது.

கவாஸாகியின் அனுபவமும் குறிப்பிடத்தக்கது. அதன் 250 சி.சி. வண்டியில் இரு சிலிண்டர்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிராங்க். முதலில் உலக்கை முறைப்படி மாறி மாறி வெடிக்குமாறு அமைத்தார்கள். அதிர்வு பொறுக்க இயலாததாயிற்று. பின்னர் இரு பிஸ்டன்களும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்கி ஒருசேர வெடிக்குமாறு மாற்றினார்கள். பற்சக்கரத்தோடு பற்சக்கரம் பொருந்திய இரு கிராங்குகளும் எதிரெதிராகச் சுழல்வதால் ஒன்றின் பக்கவாட்டு உதறலை மற்றொன்று ஈடு செய்தது, அதிர்வு அடங்கியது. தென்னாப்பிரிக்கரான கோர்க் பாலிங்டன் 1978-இலும் 1979-இலும் 250, 350 ஆகிய இரு பிரிவுகளிலும் பட்டம் வென்றார். மாறி மாறி வெடிப்பதே என்றும் மென்மையானது என்னும் எண்ணம் இங்கே முதன்முறையாக ஆட்டங்கண்டது.

ஒற்றைக் கிராங்க்

நால்வீச்சில் நம்பிக்கை வைத்திருந்த ஹோண்டா நிறுவனம் 500 சி.சி. பந்தயத்தில் தோல்வியுற்று, 1982-இல் இருவீச்சுக்கு வந்தது. அதன் முதல் வண்டிக்கு மூன்றே சிலிண்டர்கள்: நடுவில் ஒன்று முன்னோக்கிப் படுத்திருக்க, இரண்டு நிமிர்ந்து நின்றன. 1950களில் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் கையாண்ட அமைப்பு இது. அவ்வண்டியைப் ‘பாடும் ரம்பம்’ என்று மக்கள் அழைத்தனர். ஹோண்டா தட்டு வால்வுக்கு மாற்றாக ரீட் வால்வைப் பயன்படுத்தியது. காற்று உள்ளே பாயும்போது தானே விரிந்து, திரும்பி வரும்போது தானே மூடிக்கொள்ளும் மெல்லிய இதழ் அது. எங்கு வேண்டுமாயினும் பொருத்தலாம். கிராங்கின் ஓரம் தேவையில்லை. மற்றவர்களின் நான்கு சிலிண்டர்களைவிடச் சக்தி குறைவாயினும் அவ்வண்டி இலகுவானது, ஓட்ட எளியது. 1983-இல் ஃப்ரெடி ஸ்பென்சர் 144 புள்ளிகள் பெற்று, 142 பெற்ற கென்னி ராபர்ட்ஸை வென்றார். சக்தி ஒன்றே வெற்றி தருவதன்று என்பதற்கு அந்த இரண்டு புள்ளிகளே சான்று.

தட்டு வால்வின் தளை நீங்கியதால் 1984-இல் ஹோண்டா துணிந்து ஒன்று செய்தது. என்.எஸ்.ஆர். 500 என்னும் வண்டியில் நான்கு சிலிண்டர்களை ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் நிறுத்தி, நான்கையும் ஒரே கிராங்கில் பூட்டியது. அப்போது யமஹாவின் ‘வி’ எஞ்சினில் இரண்டு கிராங்குகள் இருந்தன. ஒன்று போதுமெனில் பற்சக்கரங்களும் உராய்வும் எடையும் குறையும். ஆனால் இதற்கும் விலை உண்டு. இரண்டு கிராங்குகள் எதிரெதிராகச் சுழன்றால் ஒன்றின் பம்பரக் குணத்தை மற்றது அழித்துவிடும். வண்டி இலகுவாகச் சாயும். ஒற்றைக் கிராங்கோ வேகமாகச் சுழலும் பம்பரம் போல் சாய மறுக்கும். ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல் இத்துறையில் மாறா விதி போலும்.

என்.எஸ்.ஆரின் தொடக்க கால எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் 90 பாகைக்கு ஒன்றாக, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. நான்கு பெண்கள் ஒரே உரலில் தவறாத தாளத்தில் உலக்கை போடும் முறை அது. பின்னர் 1990-இல் 180 பாகைக்கு ஒருமுறை இரண்டிரண்டாக வெடிக்கும் முறைக்கு மாறினார்கள். இரண்டு முறைகளிலும் இடைவெளி சமமானது. ஒலி கீச்சென்று உயர்ந்தது. அதனால் பிற்காலத்தில் இத்தகைய எஞ்சினுக்கு ‘ஸ்க்ரீமர்’, அதாவது ‘அலறி’, என்னும் பெயர் நிலைத்தது.

தூக்கி எறியும் குதிரை

130 கிலோ எடையுள்ள வண்டி. 150 குதிரைச் சக்திக்கு மேல் தரும் எஞ்சின். சாலையில் ஓடும் வண்டிகளோடு ஒப்பிட்டால் இது அச்சமூட்டும் விகிதம். அன்றியும் அச்சக்தி படிப்படியாக வருவதில்லை. குறிப்பிட்ட சுழற்சியை எட்டும் வரை அமைதியாக இருந்து, எட்டியவுடன் அணை உடைந்தாற்போல் பாயும்.

வளைவில் சாய்ந்து செல்லும் வீரன் விசையைத் திறக்கிறான். பின் டயர் பிடியை இழந்து வெளிப்பக்கம் வழுக்குகிறது. அப்படியே வழுக்கிச் சென்றால் வண்டி தரையில் சறுக்கி விழும். காயம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். ஆனால் வழுக்கிய டயர் திடீரென மீண்டும் பிடித்துக்கொண்டால் வண்டி சாட்டை சொடுக்கியதுபோல் நிமிர்ந்து, வீரனை மேலே தூக்கி எறியும். 500 சி.சி. பந்தய வீரர்களை எலும்பு முறிவோடு மருத்துவமனைக்கு அனுப்பியவற்றுள் இத்தகைய வீழ்ச்சியே தலையாயது. எஞ்சின் அமைப்போர் ஆண்டுதோறும் சக்தியைப் பெருக்கினர். அதைத் தரையில் இறக்கும் டயரும் கையும் திணறின.

1992-ஆம் ஆண்டின் புதிய ஒலி

அவ்வாண்டின் முதல் பந்தயம் ஜப்பானில் நடந்தது. ஆஸ்திரேலியரான மிக் டூஹன் ஓட்டிய ஹோண்டாவின் ஒலி வழக்கமான அலறலாக இல்லை. தாழ்ந்த, கரகரத்த உறுமலாக இருந்தது. முதலில் இரண்டு சிலிண்டர்கள் ஒருசேர வெடித்தன. கிராங்க் ஏறக்குறைய 70 பாகை திரும்புவதற்குள் மற்ற இரண்டும் வெடித்து முடித்தன. எஞ்சிய 290 பாகைக்கு ஓய்வு. ‘பிக் பேங்’, அதாவது ‘பெருவெடிப்பு’, என்னும் பெயர் இதற்கு வழங்கலாயிற்று. உலக்கையைப் போட்டுவிட்டுத் தேர் வடத்தைப் பிடித்துவிட்டது ஹோண்டா.

விளைவு என்ன? முதல் நான்கு பந்தயங்களிலும் டூஹனே வென்றார். மற்ற நிறுவனங்கள் திகைத்தன. யமஹாவும் சுஸுகியும் வெகு விரைவில் தம் எஞ்சின்களின் வெடிப்பு வரிசையை இவ்வாறே மாற்றின.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் விநாடிக்கு 200 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் 200-இல் ஒரு பங்கு. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்நேரத்தில் 20 சென்டிமீட்டர் நகர்கிறது. 90 பாகை முறையில் டயர் ஒவ்வொரு 5 சென்டிமீட்டருக்கும் ஒரு தள்ளலைப் பெறுகிறது. இரண்டிரண்டாக வெடிக்கும் 180 பாகை முறையில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு வலுத்த தள்ளல். பெருவெடிப்பு முறையிலோ முதல் 4 சென்டிமீட்டருக்குள் எல்லாத் தள்ளலும் முடிந்து, அடுத்த 16 சென்டிமீட்டருக்கு டயர் தன்னிச்சையாக உருள்கிறது. அவ்விடைவெளியில் அது தரையை மீண்டும் பற்றிக்கொள்கிறது என்பதே பெரும்பாலோர் கூறிய விளக்கம்.

இவ்விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டதில்லை. எஞ்சினுக்கும் டயருக்கும் இடையே பற்சக்கரங்களும் சங்கிலியும் ரப்பர் மெத்தைகளும் இருக்கின்றனவே, விநாடிக்கு 200 முறை வரும் தள்ளலை அவை மழுங்கச் செய்யாவோ என்று சிலர் கேட்டனர். டயருக்குக் கிடைத்ததைவிட வீரனுக்குக் கிடைத்ததே பெரிது என்பது அவர்கள் கருத்து. வழுக்கல் தொடங்கும் தருணத்தை அவன் தன் உடலால் முன்கூட்டியே உணர முடிந்தது. விசையின் திருப்பத்துக்கும் டயரின் தள்ளலுக்கும் உள்ள தொடர்பு அவனுக்கு விளங்கிற்று. காரணம் எதுவாயினும், அதே சக்தி கொண்ட எஞ்சின் வெடிப்பின் வரிசை மாறியதால் மட்டுமே அடங்கி நடந்தது என்பதில் ஓட்டியவர்களுக்கு ஐயமில்லை.

இதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. நான்கு வெடிப்புகளின் பளுவையும் ஏறக்குறைய ஒரே நொடியில் தாங்க வேண்டியிருந்ததால் பற்சக்கரங்களையும் தண்டுகளையும் வலுப்படுத்த நேர்ந்தது. எஞ்சினை அமைப்பவனுக்குத் துன்பம், ஓட்டுபவனுக்கு இன்பம்.

ஆயினும் எந்த எஞ்சினும் ஆபத்தை அடியோடு நீக்குவதில்லை. அதே 1992-இல், முன்னிலையில் இருந்த டூஹன் ஹாலந்தின் அசென் நகரில் பயிற்சியின்போது விழுந்து காலை முறித்துக்கொண்டார். காலையே இழக்க நேருமோ என்னும் நிலை ஏற்பட்டது. நான்கு பந்தயங்களை இழந்து, குணமாகாத காலோடு மீண்டும் வந்து, 4 புள்ளி வித்தியாசத்தில் யமஹாவின் வேய்ன் ரெய்னியிடம் பட்டத்தை இழந்தார். அந்த ரெய்னியோ அடுத்த ஆண்டு இத்தாலியில் மிசானோ பந்தயத்தில் விழுந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தார். வெடிப்பின் வரிசை பற்றிய ஆராய்ச்சி அறிவாளிகளின் பொழுதுபோக்கன்று என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளே போதும்.

மீண்டும் உலக்கை

1994 முதல் டூஹன் தொடர்ந்து பட்டம் வென்றார். கதை இத்துடன் முடிந்திருந்தால், ‘தேர் வடமே சிறந்தது’ என்று எழுதி நாமும் முடித்திருக்கலாம். ஆனால் 1997-இல் டூஹன் தம் நிறுவனத்திடம் ஒரு விந்தையான வேண்டுகோளை வைத்தார். 180 பாகைக்கு ஒருமுறை வெடிக்கும் பழைய அலறியே தமக்கு வேண்டும் என்றார். அதைப் பெற்று, அவ்வாண்டின் 15 பந்தயங்களுள் 12-இல் வென்றார்.

இதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஐந்தாண்டுகளில் டயர்கள் முன்னேறியிருந்தன. வண்டியின் உடலமைப்பும் தேறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கை தேர்ந்த கையாக இருந்தது. விசையைத் திருப்பிய அளவுக்கு அக்கணமே விடை தரும் கூர்மை அலறியில் இருந்தது. அதை அடக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. மன்னிக்கும் எஞ்சின் மற்றவர்களையும் மன்னிக்கும். மன்னிக்காத எஞ்சினை ஆளத் தெரிந்தவனுக்கு அதுவே ஆயுதம். 1994 முதல் 1998 வரை ஐந்து பட்டங்களை அவர் வென்றார். 1999-இல் ஸ்பெயினில் ஏற்பட்ட வீழ்ச்சியால் அவருடைய பந்தய வாழ்வு முடிவுற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஓய்வும் வலிமையே

2002-இல் விதிகள் மாறி, 990 சி.சி. நால்வீச்சு எஞ்சின்கள் பந்தயத்துக்கு வந்தன. பெரும் பிரிவிலிருந்து இருவீச்சு எஞ்சின் விரைவில் மறைந்தது. நம் தெருக்களிலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அதற்கு விடை கொடுத்தன. எனினும் அது கற்றுத் தந்த பாடம் மறையவில்லை. 2004-இல் யமஹா தன் நால்வீச்சு எஞ்சினின் கிராங்கை மாற்றி, சமமற்ற இடைவெளிகளில் வெடிக்குமாறு அமைத்தது. வாலென்டினோ ரோஸி தென்னாப்பிரிக்காவில் அதன் முதல் பந்தயத்திலேயே வென்றார். 2023 செப்டம்பரில் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உலகப் பந்தயம் முதன்முறையாக நம் நாட்டில் நடந்தபோது அங்கே ஒலித்தவை யாவும் நால்வீச்சு எஞ்சின்களே. ஆயினும் ஒவ்வொரு எஞ்சினின் குரலும் வேறுவேறாக ஒலித்ததற்குக் காரணம், இதுகாறும் நாம் பேசிய வெடிப்பின் வரிசைதான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? பல ஆண்டுகள் பொறியியலாளர்கள் வலிமையைப் பெருக்குவதையும், அதை இடைவிடாமல் சீராகச் செலுத்துவதையுமே குறியாகக் கொண்டார்கள். வலிமையைத் தாங்கும் டயருக்கும் அதை ஆளும் மனிதனுக்கும் மூச்சு விட இடம் வேண்டும் என்பதை அவர்கள் பின்னரே உணர்ந்தார்கள். மிருதங்கம் வாசிப்பவர் ஒலிக்கும் சொல்லை மட்டும் அன்றி ஒலிக்காத இடத்தையும் எண்ணுகிறார் அல்லவா? அதைப்போன்றதே இதுவும். அதே வேளையில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வரிசை இல்லை என்பதையும் 1997-ஆம் ஆண்டு காட்டிற்று. எஞ்சினை அளப்பதற்கு முன் அதை ஏந்தும் கையை அளக்க வேண்டும்.

நம் இல்லங்களிலும் இன்று வண்டி கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எத்தனை சி.சி., எத்தனை குதிரைச் சக்தி என்று அவர்கள் கேட்பது இயல்பு. அவ்வளவையும் தரையில் இறக்குவது உள்ளங்கை அளவுள்ள டயர் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். அடுத்த முறை தெருவில் ஒரு வண்டி கடந்து செல்கையில் செவி சாய்த்துக் கேட்கட்டும். உள்ளே உலக்கை இடிக்கிறதா, தேர் இழுபடுகிறதா என்று கேட்டறியப் பழகிவிட்டால், வண்டியின் மீது மதிப்பும் விசையின் மீது நிதானமும் தாமே வரும்.